பழைய இன்சுலேட்டர் சேகரிப்பைக் குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று இந்த மலைப் பாதை நெடுக, கம்பி கம்பத்தைத் தொடாமல் தாங்கும் இன்சுலேட்டர்களை, அதாவது பழைய தந்திக் கம்பத்துப் பீங்கானும் கரண்டுக் கம்பத்துப் பீங்கானும் சேர்த்து வைத்திருப்பவர்கள் சிலரை எனக்குப் பழக்கம். ரயில்வேயில் இருந்தவர்கள், லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்கள், எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். இப்போது பலருக்கும் வயதாகிவிட்டது. பிள்ளைகள் கொச்சியிலோ சென்னையிலோ சின்ன ஃபிளாட்டில் இருக்கிறார்கள். சாக்கு சாக்காகக் கிடக்கும் பீங்கானை என்ன செய்வது என்று அவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"அப்பா சேர்த்து வச்சது அண்ணாச்சி. மாடியில குவியலா கெடக்கு. எது என்னன்னே தெரியல. எங்கேயிருந்து ஆரம்பிக்க?"

குவியலைக் கலைக்காமல் ஆரம்பியுங்கள். எந்தச் சாக்கில் எது இருந்தது, எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதே ஒரு தகவல். ஒரே சாக்கில் இருப்பவை பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து, ஒரே நாளில் வந்தவையாக இருக்கும். ஆகவே கை வைப்பதற்கு முன் அலமாரி, மூலை, சாக்கு என ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். சாக்குக்கு ஒரு எண் போடுங்கள்.

அப்புறம் மூன்றாகப் பிரித்தால் போதும்: தந்திப் பாதையில் இருந்தவை, மின்பாதையில் இருந்தவை, தெரியாதவை. மூன்றாவது பெரிதாக இருந்தால் கவலைப்பட வேண்டாம், ஆரம்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். அப்பாவின் பழைய டைரி, சம்பளச் சீட்டு, இடமாற்ற உத்தரவு எதையும் இந்த வேலை முடியும் வரை எடைக்குப் போடாதீர்கள். அவர் எந்த வருடம் எந்த ஊரில் வேலை பார்த்தார் என்று தெரிந்தாலே பாதி பீங்கானுக்கு ஊர் தெரிந்துவிடும்.

"தந்திக் கம்பத்து பீங்கான், கரண்டுக் கம்பத்து பீங்கான்னு எப்படிப் பிரிக்கிறது? ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கு?"

கவிழ்த்து உள்ளே பாருங்கள். தந்திக்கு உள்ளது பெரும்பாலும் கைக்கு அடக்கமான ஆழக் கிண்ணம். பலவற்றில் அந்தக் கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணம் இருக்கும். தந்தியில் ஓடுவது சின்ன மின்னோட்டம். பீங்கானின் மேல்பரப்பு நனைந்தால் அதன் வழியே கசிந்து கம்பத்தில் இறங்கி, தூரத்து ஸ்டேஷனில் சைகை மங்கிவிடும். வெளிக்கிண்ணம் நனைந்தாலும் உள்கிண்ணம் காய்ந்திருக்கும், கசிவும் அங்கே நின்றுவிடும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஆரியங்காவு போன்ற இடத்தில் இந்த உள்கிண்ணத்தை நம்பித்தான் தந்தி ஓடியது.

மின்பாதையில் பல வகை உண்டு. நூல்கண்டு போல இடுப்பு ஒடுங்கி, நடுவில் போல்ட் போக ஓட்டை இருந்தால் ஷாக்கிள். தெருவுக்குள் வரும் லைனில் இருப்பது அதுதான். முட்டை வடிவில், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு துளைகளோடு இருந்தால், கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியில் இருந்தது. குடைக்கு மேல் குடை வைத்தது போல இருப்பது பின் வகை, 11 கிலோவோல்ட், 33 கிலோவோல்ட் பாதைகளில் வருவது. அதற்கு மேல் போனால் தட்டுத் தட்டாகக் கோத்துத் தொங்கவிடும் டிஸ்க். ஒரு டிஸ்க்குக்கு ஏறக்குறைய 11 கிலோவோல்ட் என்று லைன்மேன்கள் கணக்குச் சொல்வார்கள்.

"கண்ணாடியில் இருப்பதும் இருக்கிறதே. அது ரொம்பப் பழசா?"

கண்ணாடி என்பதால் மட்டும் பழசு என்று சொல்ல முடியாது. தந்திக்குக் கண்ணாடி இன்சுலேட்டரை அதிகம் பயன்படுத்தியது அமெரிக்கா. அங்கே ஹெமிங்ரே கம்பெனி 1960கள் வரை செய்தது. பிரிட்டிஷ் வழக்கம் பீங்கான், அதனால் நம் பக்கத்திலும் பீங்கான்தான் மிகுதி. உங்களிடம் பச்சை நிறத்தில் பெரிய கண்ணாடித் தட்டு இருந்தால் அது உயரழுத்த மின்பாதையில் பிற்காலத்தில் வந்த டிஸ்க்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்தக் கண்ணாடி டிஸ்க்கைத் தனியே வையுங்கள். பதப்படுத்திய கண்ணாடி அது. விரிசல் விட்டு நிற்காது, ஒரு அடியில் மொத்தமாக நொறுங்கித் துகளாகக் கொட்டிவிடும். அதைச் சுரண்டுவது, துளை போடுவது, குழந்தைகள் விளையாடும் இடத்தில் வைப்பது மூன்றும் கூடாது.

"நேரா விஷயத்துக்கு வாங்க. விக்கலாமா, சும்மா கொடுத்துடலாமா?"

இரண்டும் செய்யலாம், ஆனால் எழுதி முடித்த பிறகு. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஊர் தெரியாத இன்சுலேட்டர் வெறும் பீங்கான். "கழுதுருட்டிக்கும் தென்மலைக்கும் நடுவே, மீட்டர்கேஜ் ரயில் பாதையோரத் தந்திக் கம்பத்தில் இருந்தது" என்று ஒரு வரி கூட இருந்தால் அது அந்தப் பாதையின் சாட்சி. செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதை 1904ல் திறந்தது. புனலூர்–செங்கோட்டைப் பகுதியில் மீட்டர்கேஜ் ஓட்டம் 2010ல் நின்றது, 2018ல் அகலப் பாதையாகத் திரும்ப வந்தது. பழைய கம்பங்கள் இனி அங்கே நிற்கப் போவதில்லை. அந்த ஒரு வரி உங்கள் தலையில் மட்டும்தான் இருக்கிறது.

பீங்கான் கை மாறும்போது அந்த வரி கூடப் போகாவிட்டால், பிறகு யாராலும் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒரு துண்டைக்கூட எழுதாமல் வெளியே அனுப்பாதீர்கள், சொந்தத் தம்பி கேட்டாலும்.

"எழுதணும்னா என்ன எழுத? எனக்கு எழுத்து வேலையெல்லாம் வராது."

ஒரு நீள நோட்டு போதும். எண், எங்கே இருந்தது, எந்த வருடம் உங்கள் கைக்கு வந்தது, யார் மூலம் வந்தது, மேலே உள்ள முத்திரை, உயரம், குறுக்களவு, உடைசல். இவ்வளவுதான். முத்திரையைப் புரிந்துகொள்ள வேண்டாம், எழுத்து எழுத்தாக அப்படியே வரைந்து வையுங்கள். சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்தால் தேய்ந்த முத்திரையும் தெரியும்.

"செங்கோட்டை" என்று மட்டும் எழுதினால் போதாது. அது ரயில்வே லைனா, தபால் தந்தித் துறை லைனா, கரண்டு லைனா என்று சேர்த்து எழுதுங்கள். 1956 நவம்பர் 1க்கு முன் இந்த ஊர் திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, பிறகுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. காலத்தைச் சொல்லாவிட்டால் எந்த அரசாங்கத்து லைன் என்பதே குழம்பும். நிச்சயமில்லாததை "அப்பா சொன்னது", "சாக்கில் இருந்த சீட்டு" என்று எப்படித் தெரிந்தது என்பதோடு எழுதுங்கள். ஊகத்தை உண்மை போல எழுதுவதைவிட வெற்றிடமாக விடுவது நல்லது.

எண்ணைப் பீங்கான் மேல் பெயிண்டில் எழுத வேண்டாம். துணிப்பட்டையில் எழுதிக் கழுத்தில் கட்டுங்கள், அல்லது உட்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்.

"எழுத முடியல, ஆனா வாயால சொல்லுவேன்னு எங்க மாமா சொல்றார். அவருக்கு எண்பது தாண்டிருச்சு."

அதுவே மேல். அவர் கையில் ஒவ்வொன்றாகக் கொடுங்கள், எண்ணைச் சொல்லி செல்போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். எடையும் வழவழப்பும் கையில் பட்டதும் எந்தக் கம்பம், கூட யார் ஏறினார்கள், அன்றைக்கு மழையா வெயிலா என்று நினைவுக்கு வரும். அவர் கதையில் வழி தவறிப் போனாலும் தடுக்காதீர்கள். நாளுக்குக் கொஞ்சமாகச் செய்யுங்கள், அவரைக் களைக்க வைக்க வேண்டாம்.

"எல்லாம் ஒரே மாதிரி நூத்துக்கணக்குல இருக்கு. ஒண்ணை வச்சிட்டு மிச்சத்தைத் தள்ளிடலாமா?"

ஒரே மாதிரி என்று முடிவு கட்டுமுன் அடிப்பக்கம் பாருங்கள். வடிவம் ஒன்றாக இருந்தாலும் செய்த கம்பெனி, மெருகின் நிறம், மரை, வருடம் வேறாக இருக்கும். இங்கிலாந்தின் புல்லர்ஸ் செய்ததும் பின்னாளில் நம் நாட்டில் செய்ததும் தூரத்தில் இரட்டையர் போலத்தான் தெரியும்.

உண்மையிலேயே ஒன்றுபோல் இருந்தால், ஒவ்வொரு இடத்துக்கும் நல்ல நிலையில் உள்ள ஒன்று, இரண்டு வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுக்கலாம். வகைக்கு ஒன்று என்று வைப்பதைவிட இடத்துக்கு ஒன்று என்று வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அலமாரியில் பார்க்க அழகு குறைவுதான், ஆனால் பிறருக்கு அதில்தான் பயன்.

"வயசு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

துல்லியமாகச் சொல்லக் கிடைப்பது கொஞ்சம்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தையது. நம் நாட்டு மின்பாதை இன்சுலேட்டர்களில் செய்தவர் பெயர், செய்த வருடம், தாங்கும் சுமை எல்லாம் பதிக்க வேண்டும் என்பது தர விதி. ஆகவே டிஸ்க், பின் வகைகளில் சின்ன எண்களைத் தேடுங்கள். பெங்களூரின் பி.எச்.இ.எல்., சென்னை போரூரின் டபிள்யூ.எஸ். போன்ற இன்சுலேட்டர் கம்பெனிகளின் பெயர் இருந்தால் காலத்தை இன்னும் நெருங்கலாம்.

முத்திரையே இல்லாதவற்றுக்கு அது இருந்த பாதையின் வயதுதான் துணை. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940ல் தொடங்கியது, பாபநாசம் 1944ல். அந்தப் பாதைகளில் இருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் அதற்கு முன் போக முடியாது. அதற்குத்தான் நோட்டில் இடம் எழுதச் சொன்னேன்.

"கழுவி பளபளன்னு ஆக்கினா நல்ல விலைக்குப் போகுமா?"

சோப்புத் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ். முக்கால்வாசிக்கு அது போதும். ரயில் பாதையோரத்துப் பீங்கானில் நிலக்கரிப் புகை படிந்து கறுத்திருக்கும். அதற்கும் துருக் கறைக்கும் ஆக்ஸாலிக் ஆசிட் தூளைத் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு ஊறவைத்தால் விடும். அது நஞ்சு. கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், குழந்தை, ஆடு, நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். இரும்பும் சிமெண்டும் ஒட்டிய டிஸ்க்கை இதில் போடக் கூடாது.

கம்பி பிரஷ், எமரிச் சீலை வேண்டாம். வெயிலில் சுட்ட பீங்கான் மேலோ கண்ணாடி மேலோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் வேண்டாம், விரிசல் விடும். ஒன்றிரண்டைக் கறையோடு அப்படியே விடுங்கள் என்பது என் விருப்பம். அந்தக் கரி நீராவி இஞ்சின் விட்டுப் போனது.

"இரும்புக் கம்பி உள்ளே துருப்பிடிச்சு மாட்டிக்கிச்சு. சூடு காட்டிக் கழட்டலாமா?"

கூடாது. சூட்டில் இரும்பு பீங்கானைவிட அதிகம் விரியும், பீங்கான் பிளந்துவிடும். சுத்தியலும் வேண்டாம். தலைகீழாக வைத்து மண்ணெண்ணெயோ துருநீக்கி எண்ணெயோ விட்டுச் சில நாள் பொறுங்கள். மரை உள்ளதாக இருந்தால் மெல்லத் திருகினால் வரும். சிமெண்டில் பதித்ததாக இருந்தால் வராது, விட்டுவிடுங்கள். கம்பியோடு இருப்பது குறை இல்லை, எப்படிப் பொருத்தினார்கள் என்று காட்டும். சிலவற்றில் கம்பியின் தலையில் ஈயம் இருக்கும், தொட்டால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

"உடைஞ்சது, விரிசல் விட்டதை என்ன செய்ய?"

காசால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் முழுசு, மொத்தென்றால் உள்ளே விரிசல். முழுசாக இன்னொன்று இருந்தால் உடைந்ததைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம், முனைகளைத் தேய்த்து மழுக்கிய பிறகு. உடைந்த முகத்தில் ஒரு சொட்டு மை விட்டு, நேரம் கழித்துத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக வெந்த பீங்கான் மையை உறிஞ்சாது, சரியாக வேகாதது உறிஞ்சும். மின்கசிவு பற்றிய பாடத்துக்கு அதைவிட நல்ல கருவி கிடைக்காது.

இருந்ததே அது ஒன்றுதான், இடமும் தெரியும் என்றால் உடைந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். பசை போட்டு ஒட்டி விற்றால், ஒட்டியதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

"பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டா என்ன?"

கடைக்காரருக்கு வேண்டியது டிஸ்க்கின் மேல்தொப்பியும் கம்பியும்தான். பீங்கானைத் திரும்ப உருக்க முடியாது, ஆகவே அடித்து உடைத்துவிட்டு இரும்பை எடுத்துக்கொள்வார். நோட்டில் ஏறாத, இடம் தெரியாத, உடைந்த பின்னாளைய டிஸ்க்குகளுக்கு அந்த வழி சரி. வேறு எதையும் அங்கே அனுப்ப வேண்டாம்.

"ஒரு பீங்கானுக்கு எவ்வளவு கேட்கலாம்?"

ஒரே விலை கிடையாது. அரிய முத்திரை, அரிய நிறம், உடைசல் இல்லாமை, இடக் குறிப்பு நான்கும் சேர்ந்தால் சேகரிப்பவர் நல்ல விலை தருவார். அவை இல்லாவிட்டால் அலங்காரப் பொருளாகத்தான் போகும். வெளிநாட்டு விலைப் பட்டியலைப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள். அமெரிக்கக் கண்ணாடி இன்சுலேட்டர்களுக்கு வடிவத்துக்கு ஒரு சி.டி. எண் என்று ஒழுங்கான வரிசையே இருக்கிறது, 1973லிருந்து தேசிய அளவில் சங்கமும் இருக்கிறது. அந்தச் சந்தை வேறு, நம்முடையது வேறு.

நிறத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். மாங்கனீசு கலந்த பழைய கண்ணாடி பல வருட வெயிலில் ஊதாவாகும், அது இயற்கை. கதிர்வீச்சில் வைத்து ஊதாவாக்கிய போலியும் உண்டு.

"ரிசார்ட்காரங்க மொத்தமா கேக்குறாங்க, விளக்கு செய்யணுமாம். கொடுக்கலாமா?"

இடம் தெரியாத, நிறைய இருக்கிற ஷாக்கிள்களைத் தாராளமாகக் கொடுங்கள். குப்பையில் கிடப்பதற்கு விளக்காக எரிவது நல்லது. துளை போடப் போகிறார்களா என்று கேளுங்கள். அப்படியென்றால் பதப்படுத்திய கண்ணாடி டிஸ்க் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், காரணம் மேலே இருக்கிறது. பழைய இன்சுலேட்டரை மறுபடி உண்மையான மின்பாதையில் மாட்ட யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

"சேகரிக்கிறவர் ஒருத்தர் எல்லாத்தையும் ஒரே விலைக்கு எடுத்துக்கிறேங்கிறார். தலைவலி தீர்ந்துச்சில்ல?"

சாக்கைத் தூக்கும் வேலை தீரும் என்பது உண்மை. அவர் நோட்டையும் கேட்கிறாரா என்று கவனியுங்கள். நோட்டைக் கேட்பவர் சேகரிப்பை மதிப்பவர், அவருக்குக் கொஞ்சம் குறைத்தே கொடுக்கலாம். கேட்காதவர் நல்ல பத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடக்கூடும். ஒரே இடத்துத் துண்டுகளைப் பிரிக்கக் கூடாது என்று எழுதி வாங்குவதில் தப்பில்லை.

"மியூசியம் எடுத்துக்குமா?"

ரயில் பாதையில் இருந்தவற்றுக்கு சென்னை, திருச்சி, மைசூரு ரயில் அருங்காட்சியகங்களை அணுகலாம். நேரில் சாக்கோடு போய் நிற்காதீர்கள். நோட்டின் நகலும் படங்களும் வைத்து முதலில் கடிதம் எழுதுங்கள். எல்லாவற்றையும் கேட்க மாட்டார்கள், ஐந்தாறைக் கேட்டாலே பெரிது. பதிவேட்டில் ஏற்றி ரசீது தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காட்சிக்கு வைக்காமல் உள்ளே பத்திரமாக வைத்தாலும் வருத்தப்பட வேண்டாம், ஆராய வருபவருக்கு அது கிடைக்கும்.

"போலீஸ் கேஸ் ஆகுமா? லைன் கழட்டும்போது கெடந்ததை எடுத்ததுதான்."

லேசாக எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது. மின்சாரச் சட்டம் 2003ன் 136ஆம் பிரிவு மின்பாதைப் பொருட்களைத் திருடுவதை மட்டும் சொல்லவில்லை, உரியவர் சம்மதமின்றி வைத்திருப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ரயில்வே பொருளுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் முறையாக வந்தது என்று நிரூபிப்பது வைத்திருப்பவர் பொறுப்பு.

ஏல ரசீது, கடை பில், கொடுத்தவரின் கடிதம் எது இருந்தாலும் நோட்டோடு சேர்த்து வையுங்கள். எதுவுமே இல்லாதவற்றை விற்க வேண்டாம். ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு, உரிய துறைக்கோ அதன் அருங்காட்சியகத்துக்கோ எழுத்து மூலம் ஒப்படைப்பதுதான் நான் சொல்லும் வழி. நிற்கும் கம்பத்திலிருந்து புதிதாக ஒன்றைக் கழற்றுவது பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம். அது குற்றம், உயிருக்கும் ஆபத்து.

"லாரி பார்சல்ல அனுப்பினா உடையாம போகுமா?"

காய்கறி வரும் பிளாஸ்டிக் கிரேட் நல்லது. அடியில் வைக்கோல், ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்தித்தாளில் சுற்றி, கவிழ்த்து வைத்து, இடையில் அட்டை. ஒரு டிஸ்க் மட்டுமே ஐந்து கிலோவோ அதற்கு மேலோ வரும், ஆகவே ஓர் ஆள் தூக்கும் அளவோடு நிறுத்துங்கள். டிஸ்க்கையும் தந்திப் பீங்கானையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். பெட்டிக்குள் எண் பட்டியல் ஒன்று, உங்கள் கையில் ஒன்று.

"மகன் துபாய்ல இருக்கான். நல்லதா நாலு அங்கே அனுப்பலாமா?"

வயதைப் பொறுத்தது. தொன்மைப் பொருட்கள் சட்டம் 1972ன்படி நூறு ஆண்டு கடந்த, வரலாற்றையோ அறிவியலையோ கைவினையையோ காட்டும் பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. 1904ல் போட்ட பாதையின் முதல் பீங்கான் என்று நீங்களே நோட்டில் எழுதியிருந்தால் அது இந்த வரம்புக்குள் வந்துவிடலாம். அதற்காக நோட்டைத் திருத்தாதீர்கள், அந்தத் துண்டை இங்கேயே வையுங்கள். நூறு ஆகாத ஒன்றை அனுப்புவதானால் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொன்மைப் பொருள் அல்ல என்ற சான்று வாங்கிவிட்டு அனுப்புங்கள். சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்வதைவிட அது எளிது. நூறு கடந்தவற்றை உள்நாட்டிலேயே வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்யவும் உரிமம் வேண்டும்.

"எல்லாம் கொடுத்து முடிச்சாச்சு. நோட்டை என்ன செய்ய?"

கொடுத்த ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரிடம், எந்தத் தேதியில் போனது என்று எழுதி முடியுங்கள். பிறகு முழுவதையும் ஸ்கேன் செய்து மூன்று பேரிடம் வையுங்கள்: வீட்டில் ஒருவர், அதிகம் வாங்கிக்கொண்டவர், அருங்காட்சியகம் ஏதாவது எடுத்திருந்தால் அவர்கள். வெளியாருக்குக் கொடுக்கும் நகலில் ஆட்களின் வீட்டு முகவரியையும் போன் எண்ணையும் மறைத்துவிடுங்கள். மூல நோட்டைக் கரையான் ஏறாத இடத்தில், வேப்பிலையோடு, வருடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கும் பெட்டியில் வையுங்கள்.